உம்மாவின் ஒரு துளி இரத்தம்: காணாமல் போனோரைத் தேடும் மரபணு அறிவியல்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வடிந்த பின்னர், கல்முனை ஆதார வைத்தியசாலைக்கு ஒரு கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. சேற்றுக்கும் இடிபாடுகளுக்கும் நடுவே உயிரோடு கிடைத்த ஆண் குழந்தை. பிறந்து இரண்டு, மூன்று மாதங்களே ஆகியிருந்தன. அன்றைய தினம் அனுமதிக்கப்பட்டவர்களில் 81ஆவது ஆள் என்பதால் பதிவேட்டில் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று எழுதினார்கள். அந்த இலக்கமே உலகம் முழுக்கப் பெயராகிவிட்டது.

ஒன்பது தாய்மார் அந்தக் குழந்தைக்கு உரிமை கோருகிறார்கள் என்று வெளிநாட்டு ஊடகங்கள் எழுதின. பிள்ளையைப் பறிகொடுத்த பலர் 'என் பிள்ளையாக இருக்கக்கூடாதா' என்று வந்து பார்த்திருப்பார்கள். ஆனால் நீதிமன்றம் வரை சென்றது ஒரேயொரு தம்பதிதான். வீட்டோடு ஆவணங்களும் கடலோடு போய்விட்ட நிலையில், 'இது எங்கள் பிள்ளை' என்ற வாய்ச்சொல்லைத் தவிர அவர்கள் கையில் எதுவுமில்லை. கல்முனை நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. தாய், தகப்பன், குழந்தை மூவரினதும் மாதிரிகள் கொழும்பில் எடுக்கப்பட்டன. 2005 பெப்ரவரி 14ஆம் திகதி முடிவு நீதிமன்றத்துக்கு வந்தது. குழந்தை அவர்களுடையதுதான். பெப்ரவரி 16ஆம் திகதி, அலை பிரித்து 52 நாட்களுக்குப் பின்னர், பிள்ளை பெற்றோரின் கைக்குப் போனது.

நம்முடைய கரையோரத்தில் மரபணுப் பரிசோதனை என்ற சொல் வீடுகளுக்குள் வந்தது அந்த வழக்கோடுதான். அதன்பின் அந்தச் சொல்லைப் பலமுறை கேட்டுவிட்டோம். மன்னாரில், கொக்குத்தொடுவாயில், செம்மணியில் புதைகுழி தோண்டப்படும்போதெல்லாம் 'டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும்' என்று பேசுகிறோம். அந்த நம்பிக்கையில் பாதி சரி. மறுபாதியை விளங்கிக்கொள்ளாவிட்டால், தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் திருப்பிப் பெறமுடியாத ஒன்றை இழந்துவிடும். அது என்னவென்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபணுவில் எதைப் பார்க்கிறார்கள்?

நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்தின் கருவுக்குள்ளும் நீண்ட நூல் போன்ற ஒரு மூலக்கூறு இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. நான்கே நான்கு 'எழுத்துகள்' மாறி மாறி வரிசையாக அமைந்து, சுமார் 300 கோடி எழுத்துகள் நீளத்துக்கு அது எழுதப்பட்டிருக்கிறது. எந்த இரு மனிதரை எடுத்தாலும் அதில் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். வேறுபடுவது மிகச் சிறிய பகுதி. அடையாளம் காணும் பரிசோதனை அந்தச் சிறிய பகுதியைத்தான் பார்க்கிறது.

மருதமுனைக் கைத்தறிச் சாரனை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒரே பூ வேலைப்பாடு திரும்பத் திரும்ப வரும். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாச் சாரனும் ஒன்றுபோலத் தெரியும். கிட்டப் போய் எண்ணினால் ஒன்றில் அந்தப் பூ 12 தடவை வந்திருக்கும், இன்னொன்றில் 15 தடவை வந்திருக்கும். டி.என்.ஏ.யிலும் இப்படிச் சில இடங்கள் உள்ளன. நான்கைந்து எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு அங்கே திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆய்வுகூடம் செய்வது அந்த எண்ணிக்கையை எடுப்பதுதான்.

ஒவ்வொரு இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தகப்பனிடமிருந்து, மற்றது தாயிடமிருந்து. ஓர் இடத்தில் தகப்பனின் எண்கள் 12, 15 என்றும் தாயின் எண்கள் 14, 17 என்றும் வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு 12, 14 வரலாம். 15, 17 வரலாம். 12, 17 அல்லது 15, 14 வரலாம். ஆனால் 11, 16 வர வழியில்லை. ஓர் இடத்தில் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். இருபது இடங்களிலும் பொருந்தினால் அது தற்செயல் என்று சொல்வது கடினம். அமெரிக்காவின் தேசியத் தரவுத்தளம் 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறது. மாறாக, பல இடங்களில் பொருந்தாவிட்டால் உறவு இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரேயோர் இடத்தில் மட்டும் பொருந்தாமல் போவது இயற்கையில் நடக்கும் சிறு மாற்றமாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை.

இந்த வழியைத் திறந்தவர் பிரித்தானியாவின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரீஸ். 1984 செப்டெம்பரில் அவர் ஆளுக்கு ஆள் மாறும் மரபணு அமைப்பைக் கண்டார். குற்றவாளிகளைப் பிடிக்க உதவிய முறை என்றுதான் இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் 1985இல் அது முதன்முதலாக ஒரு வழக்கைத் தீர்த்தது ஒரு குடும்ப விடயத்தில்தான். கானாவிலிருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பிய சிறுவன் ஒருவன் அந்தத் தாயின் பிள்ளைதான் என்று நிறுவ அது உதவியது.

கல்முனைக் குழந்தையின் பரிசோதனை இந்த அறிவியலுக்கு மிக இலகுவான வேலை. பிள்ளை உயிரோடு இருந்தது. தாயும் தகப்பனும் உயிரோடு இருந்தார்கள். மாதிரிகள் புதியவை. விடை தேட வேண்டிய கேள்வியும் ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளை இவர்களுடையதா? புதைகுழிகளில் இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை.

பழைய எலும்பிலிருந்து எடுப்பது எப்படி?

ஆள் இறந்ததும் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடையத் தொடங்குகிறது. வெப்பமும் ஈரமும் அதை விரைவாக்கும். குளிர்ந்த நாடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்த எலும்பிலும் டி.என்.ஏ. எடுத்திருக்கிறார்கள். நம் நாட்டைப் போன்ற வெப்பமான மண்ணில் முப்பது ஆண்டுகளே பெரிய சோதனை. மண்ணிலுள்ள பற்றீரியாக்களின் டி.என்.ஏ.யும் எலும்புக்குள் புகுந்திருக்கும். எலும்பைத் தொட்டவர்களின் டி.என்.ஏ. ஒட்டியிருக்கவும் கூடும்.

கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் இங்கேதான் பெரிய முன்னேற்றங்கள் நடந்தன. முதலாவது, எந்த எலும்பைத் தேடுவது என்ற கேள்வி. முன்பு தொடை எலும்பையும் பல்லையும் நம்பியிருந்தார்கள். காதின் உட்பகுதியைச் சூழ்ந்திருக்கும் மண்டையோட்டுப் பகுதி மனித உடலிலேயே மிக அடர்த்தியான எலும்பு, அதில் டி.என்.ஏ. மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு அதிகமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்பது 2015ஆம் ஆண்டளவில் தெளிவானது. வெப்பமான நாடுகளின் பழைய எலும்புகளையும் ஆராய இது வழி திறந்தது.

இரண்டாவது, வாசிக்கும் முறை. பழைய முறைக்கு ஓரளவு நீளமான துண்டுகள் வேண்டும். இப்போதைய இயந்திரங்கள் கோடிக்கணக்கான மிகச் சிறிய துண்டுகளை ஒரே நேரத்தில் வாசித்து, கணினியின் உதவியோடு அவற்றை வரிசைப்படுத்துகின்றன. கிழித்தெறியப்பட்ட கடிதத்தின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வாசிப்பது போன்ற வேலை. இந்த வழியில் நியண்டர்தால் மனிதரின் மரபணுத் தொகுதியையே வாசித்த சுவாந்தே பேபோவுக்கு 2022இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதரை ஆராய வளர்ந்த இந்தத் தொழில்நுட்பம், அண்மைக்காலப் புதைகுழிகளுக்கும் இப்போது பயன்படுகிறது. எழுத்துக்கு எழுத்து வேறுபடும் ஆயிரக்கணக்கான இடங்களை இதனால் பார்க்க முடிவதால், பெற்றோர் இல்லாத இடத்தில் பேரப்பிள்ளை, மச்சான் முறை உறவினர் போன்ற தூரத்து உறவுகளோடும் ஒப்பிடும் வாய்ப்பு கூடியிருக்கிறது.

எவ்வளவு நவீனமான இயந்திரமும் கெட்டுப்போன எலும்பை மீட்டுத்தராது. அகழ்ந்தெடுத்த எலும்பை ஈரத்தோடு பொலித்தீனில் கட்டி வெப்பமான அறையில் வைத்தால், மண்ணுக்குள் தப்பிப் பிழைத்த டி.என்.ஏ. களஞ்சிய அறையில் அழிந்துபோகலாம். ஆகவே அகழ்வு நடக்கும் இடத்தில் எத்தனை எலும்புக்கூடு என்று கேட்பதோடு, எடுத்தவை எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்றும் கேட்க வேண்டும்.

தாய்வழிக் குடியும் தாய்வழி மரபணுவும்

டி.என்.ஏ. கலத்தின் கருவில் மட்டும் இல்லை. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணி என்ற சிறு உறுப்பிலும் ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. ஒரு கலத்தில் அதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் கருவின் டி.என்.ஏ. அழிந்துபோன எலும்பிலும் இது மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் வரும். ஆனால் மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள், மகன் கொடுக்கமாட்டான்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நமது குடிமுறையே இப்படித்தான். முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் பிள்ளையின் குடி தாயின் குடி. ஆண்பிள்ளை உம்மாவின் குடியைச் சேர்ந்தவன். அவனுடைய பிள்ளைகளோ தங்கள் உம்மாவின் குடியைச் சேர்ந்தவர்கள். இழைமணி டி.என்.ஏ.யும் அதே வழியில்தான் நடக்கிறது.

இதிலிருந்து ஒரு நன்மையும் ஓர் எல்லையும் புரியும். நன்மை, காணாமல் போனவரின் தாய் இறந்திருந்தாலும், தாயின் சகோதரி, தாய்மாமன், உடன்பிறந்தோர், சகோதரியின் பிள்ளைகள் என யாரிடமிருந்தும் அதே டி.என்.ஏ.யைப் பெறலாம். எல்லை, ஒரே பெண்வழியில் வந்த அத்தனை பேருக்கும் அது ஒன்றுபோல இருப்பதால், அதை மட்டும் வைத்து 'இவர்தான் அவர்' என்று முடிவு கட்ட முடியாது. இதேபோல ஆண்களுக்கு மட்டும் உள்ள வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். தகப்பன் இல்லாத இடத்தில் வாப்பாவின் சகோதரர்களும் அவர்களின் ஆண்மக்களும் அதற்கு உதவுவார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு எலும்பு முஸ்லிமுடையதா தமிழருடையதா என்று மரபணு சொல்லாது. அப்படியொரு சமய மரபணுவோ மொழி மரபணுவோ கிடையாது. நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்த மக்களின் டி.என்.ஏ. கலந்தே இருக்கும். பரிசோதனை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இவர் இந்த வீட்டின் உறவினரா, இல்லையா? அதைச் சொல்வதற்கு அந்த வீட்டிலிருந்து யாராவது மாதிரி கொடுத்திருக்க வேண்டும்.

மன்னாரும் சாய்ந்தமருதும்: எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

2018இல் மன்னார் சதொச வளாகத்தில் 300க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. அவற்றில் ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் வந்த அறிக்கை, அவை 1404 முதல் 1635 வரையான காலத்தைச் சேர்ந்தவை என்றது. அது மரபணுப் பரிசோதனை அல்ல, காபன் பரிசோதனை. உயிருள்ளவரை நாம் உணவோடு எடுத்துக்கொள்ளும் ஒருவகைக் கதிரியக்கக் காபன், இறந்த பின்னர் தெரிந்த வேகத்தில் குறைந்துகொண்டு போகிறது. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து காலத்தைக் கணிக்கிறார்கள். எப்போது என்பதற்கு அது பதில் சொல்லும். யார் என்பதற்குப் பதில் சொல்லாது. மரபணுவோ யார் என்பதைச் சொல்லும். எப்போது, எப்படி, யாரால் என்பதைச் சொல்லாது. அவற்றுக்குச் சட்ட வைத்தியரும் தொல்லியலாளரும் சாட்சிகளும் வேண்டும்.

நமக்கு அருகிலுள்ள மற்றுமோர் உதாரணம் சாய்ந்தமருது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி அங்கு ஒரு வீட்டில் நடந்த குண்டுவெடிப்பில் சிறுவர்கள் உட்படப் பலர் இறந்தனர். அங்கிருந்த ஒரு பெண்ணின் தாயிடம் எடுத்த மாதிரியோடு எச்சங்களை ஒப்பிட்ட இரண்டு பரிசோதனைகளிலும் பொருத்தம் கிடைக்கவில்லை. அவர் தப்பி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. 2022இல் எச்சங்கள் மீண்டும் தோண்டியெடுக்கப்பட்டன. மூன்றாவது பரிசோதனையில் தாயின் மரபணுவோடு பொருந்தியதாகவும், அவர் அந்த வெடிப்பிலேயே இறந்துவிட்டதாகவும் 2023 மார்ச்சில் பொலிஸார் அறிவித்தனர்.

இதில் பொதுமக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பரிசோதனை பேசுவது ஆய்வுகூடத்துக்குப் போன துண்டைப் பற்றி மட்டும்தான். பல உடல்கள் சிதறிக் கலந்த இடத்தில், எடுத்த துண்டு வேறொருவருடையதாக இருந்தால் 'பொருந்தவில்லை' என்றுதான் வரும். எடுக்காத துண்டைப் பற்றி அந்த முடிவு எதையும் சொல்வதில்லை. 'பொருந்தவில்லை' என்ற செய்தி வரும்போது, எத்தனை எலும்புகள் பரிசோதிக்கப்பட்டன, யாருடைய இரத்தத்தோடு ஒப்பிடப்பட்டன என்று குடும்பத்தார் கேட்க உரிமை உண்டு.

ஸ்ரெப்ரெனிகாவில் செய்தது என்ன?

1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பின்னர் கனரக இயந்திரங்களால் புதைகுழிகளைத் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே ஆளின் எலும்புகள் பல குழிகளில் சிதறின. உடையை, கடிகாரத்தை, அடையாள அட்டையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பழைய வழி அங்கே உடைந்துபோனது.

1996இல் உருவான காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு, வேலையைத் தலைகீழாகத் தொடங்கியது. எந்தக் குழியில் யார் என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, தேடும் குடும்பங்கள் அனைத்திடமும் விரல் நுனியிலிருந்து சில துளி இரத்தம் எடுத்தது. புலம்பெயர்ந்து பிற நாடுகளில் இருந்த உறவினரிடமும் எடுத்தது. பல்லாயிரக்கணக்கானோரின் மாதிரிகள் சேர்ந்தன. பின்னர் ஒவ்வொரு எலும்பும் அத்தனை குடும்பங்களோடும் கணினியில் ஒப்பிடப்பட்டது. 2001 நவம்பரில் முதலாவது பொருத்தம் கிடைத்தது. இன்றுவரை ஸ்ரெப்ரெனிகாவில் கொல்லப்பட்டோரில் சுமார் 7,000 பேர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலை 11ஆம் திகதி, அந்த ஆண்டில் அடையாளம் காணப்பட்டவர்களுக்குப் பொத்தோச்சாரி மையவாடியில் ஜனாஸாத் தொழுகை நடத்திப் பெயரோடு அடக்குகிறார்கள்.

ஆர்ஜென்டீனாவில் இதைத் தொடங்கி வைத்தவர்கள் பாட்டிமார். 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியில் கர்ப்பிணிகள் கடத்தப்பட்டு, சிறையில் பிரசவித்த பின்னர் கொல்லப்பட்டார்கள். பிறந்த குழந்தைகள் வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. பெற்றோர் இல்லாதபோது பேரப்பிள்ளை என்று எப்படி நிரூபிப்பது என்ற கேள்வியோடு அந்தப் பாட்டிமார் விஞ்ஞானிகளைத் தேடிப் போனார்கள். அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் உள்ளிட்டோர் அதற்கான கணித முறையை உருவாக்கினார்கள். 1987இல் சட்டத்தின் மூலம் தேசிய மரபணுத் தரவு வங்கி நிறுவப்பட்டது. பாட்டிமாரில் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் கொடுத்த இரத்தம் வங்கியில் இருக்கிறது. 2025 ஜூலையில் 140ஆவது பேரப்பிள்ளை கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

இங்கே இழந்துகொண்டிருப்பது எதை?

கிழக்குக் கரையில் 1990 என்ற ஓர் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜூனில் பொலிஸ் நிலையங்களில் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்து கொல்லப்பட்ட பொலிஸார். ஜூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறித்துக் கொண்டு செல்லப்பட்ட முஸ்லிம்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டு சென்ற 158 தமிழர்கள். அவர்களைத் தேடும் உம்மாக்களும் அம்மாக்களும் அப்போது நாற்பது வயதிலிருந்திருந்தால் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். குருக்கள்மடப் புதைகுழி விவகாரம் 2014இலேயே களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்தின் முன் வந்தது, பிறகு இழுபட்டது. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டறியப்பட்டன. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் மட்டும் 16,000க்கும் மேற்பட்டோரைக் காணவில்லை என்று பதியப்பட்டிருக்கிறது. சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் பெயர் தெரியாமலேயே அவசரமாகப் பொதுக்குழிகளில் அடக்கப்பட்டார்கள்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 200 எலும்புக்கூடுகளை 10,000 குடும்பங்களோடு ஒப்பிட்டால் 20 இலட்சம் ஒப்பீடுகள். தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு ஓர் இலட்சத்தில் ஒன்று என்றால்கூட, சுமார் 20 பொய்யான பொருத்தங்கள் வரும். தாயும் தகப்பனும் இருவரும் மாதிரி கொடுத்த குடும்பத்தில் இந்த ஆபத்து மிகமிகக் குறைவு. ஒரேயொரு சகோதரர் மட்டும் இருக்கும் குடும்பத்தில் அதிகம். ஏனென்றால் உடன்பிறந்த இருவர், சில இடங்களில் பெற்றோரின் வெவ்வேறு எண்களைப் பெற்றிருப்பார்கள். ஆக, ஒரு தாய் மாதிரி கொடுக்காமல் மௌத்தாகும்போது, அந்த வீட்டுப் பிள்ளையை அடையாளம் காணும் வாய்ப்பும் சுருங்குகிறது. இதை எந்தப் புதிய இயந்திரமும் முழுமையாக ஈடு செய்யாது.

வடிதாள் அட்டையில் எடுத்துக் காயவைத்த சில துளி இரத்தத்தை, ஈரம் படாமல் வைத்தால் பல ஆண்டுகள் பாதுகாக்கலாம். எலும்பு கிடைத்த பின்னர்தான் இரத்தம் எடுக்க வேண்டும் என்ற அவசியம் அறிவியலில் இல்லை. புதைகுழி எப்போது தோண்டப்பட்டாலும் ஒப்பிடுவதற்கு அட்டை இருக்கும். அகழ்வு தாமதமாவதற்கு அரசியல் காரணம், நிதிக் காரணம், நீதிமன்றக் காரணம் என்று ஆயிரம் சொல்லலாம். முதியோரின் மாதிரியை எடுத்து வைப்பதைத் தாமதிக்க அவற்றில் ஒன்றும் காரணமாகாது.

இதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் நம்பிக்கையின்மை. பிள்ளையைக் கொண்டுபோனவர்களின் கையிலேயே இரத்தத்தைக் கொடுப்பதா என்று கேட்கும் தாயின் கேள்வி நியாயமானது. காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஆனால் அதன்மீது குடும்பங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட பாதுகாப்புக்குரியதாகக் கருதுகிறது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. மாதிரி யாரிடம் இருக்கும், தேடலைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தமாட்டார்கள் என்பதற்கு யார் பொறுப்பு, சர்வதேச வல்லுநர்களின் மேற்பார்வை உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். 

குடும்பங்கள் இப்போதே செய்யக்கூடியவை

முதலில் குடும்ப மரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். காணாமல் போனவரின் உம்மா, வாப்பா, உடன்பிறந்தோர், பிள்ளைகள், உம்மம்மா, சாச்சி, மாமா என்று யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று குறியுங்கள். வெளிநாட்டில் உள்ளவர்களையும் விடாதீர்கள். வளர்ப்புப் பிள்ளை, மறுமணம் போன்ற விவரங்களை மறைத்தால் பரிசோதனையின் முடிவு தவறிப்போகும். அவற்றை மாதிரி எடுக்கும் வைத்தியரிடம் தனியாகச் சொல்லலாம்.

காணாமல் போனவரின் பொருட்களைக் கழுவாதீர்கள். அவர் மட்டும் பயன்படுத்திய சீப்பு, பற்தூரிகை, சவரக் கத்தி, எடுத்து வைத்த பாற்பல், காய்ந்த தொப்புள்கொடி ஆகியவற்றில் டி.என்.ஏ. இருக்கலாம். அவற்றைக் காகித உறையில் இட்டு, பெயரும் திகதியும் எழுதி, காய்ந்த இடத்தில் வையுங்கள். பொலித்தீனில் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

மரபணு தனியே நின்று முடிவு சொல்வதில்லை என்பதால் மற்ற அடையாளங்களும் வேண்டும். உயரம், வயது, முன்பு உடைந்த எலும்பு, உள்ளே வைத்த உலோகத் தகடு, கட்டிய பல், பல் தெரியச் சிரிக்கும் புகைப்படம், கடைசியாக உடுத்திருந்த உடை ஆகியவற்றை நினைவிருக்கும்போதே எழுதி, இரண்டு பேரிடம் பிரதி கொடுத்து வையுங்கள்.

மாதிரி கேட்டு யார் வந்தாலும், எதற்காக, எங்கே வைப்பீர்கள், முடிவை யாருக்குச் சொல்வீர்கள் என்று கேட்டு, எழுத்தில் பெற்ற பின்னரே கொடுங்கள். பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

இவற்றோடு ஊர்ப் பொதுவில் எழுப்ப வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் சங்கங்களும் சேர்ந்து கேட்டால் அதற்குப் பலம் கூடும். அகழ்வுகள் எப்போது நடந்தாலும் நடக்கட்டும். எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரின் மாதிரிகளை, சுயாதீனமான மேற்பார்வையின் கீழ், இந்த ஆண்டிலேயே எடுத்துப் பாதுகாக்கத் தொடங்குங்கள் என்பதே அது. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் உள்ள வைத்தியசாலைகளில் விரல் நுனியிலிருந்து சில துளி இரத்தம் எடுப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வரத் தேவையில்லை.